இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி ஆறு கிராம்

அவரை எல்லோரும் கிராம் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டு வரி ரசீதில் வேறு பெயர் இருக்கிறது. அதைப் படித்தால் அவருக்கே யாரோ முன்பின் தெரியாத ஆள் மாதிரி இருக்கும்.

கடைகளில் உள்ள எடை இயந்திரங்களைச் சோதித்துச் சரிசெய்வது அவர் தொழில். தோளில் ஒரு தோல் பை, அதற்குள் ஒரு மரப்பெட்டி, பெட்டியின் வெல்வெட் குழிகளில் ஒரு கிராம் முதல் இரண்டு கிலோ வரை பளபளவென்று எடைக்கற்கள். அவற்றை விரலால் தொடமாட்டார். சின்னதை இடுக்கியால் எடுப்பார், பெரியதைத் துணி சுற்றித் தூக்குவார். விரலிலிருந்து ஒட்டும் எண்ணெய்க்கும் எடை உண்டு என்பது அவர் கட்சி. மகள் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைத் தராசில் கிடத்தி, "மூணு கிலோ நூறு" என்று சந்தோஷமாகச் சொன்னபோது, "சிஸ்டர், உங்க தராசு முப்பது கிராம் கூடக் காட்டுது. அதைச் சரி பண்ணிட்டு வந்து பொண்ணைப் பார்க்கிறேன்" என்று திருப்புளியை எடுத்தவர். அந்த மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். திருப்புளிக் கதையை அவள் அம்மா இன்னும் விடவில்லை.

அடுத்த வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தால் கிராமுக்குச் சோறு இறங்காது. ஹோட்டலில் மேசை ஆடினால் காகிதத்தை எட்டாக மடித்துக் காலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு என்று உலகத்தில் எது இருந்தாலும் அது அவருக்குத் தனிப்பட்ட அவமானம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வந்த வினையும் இதனால்தான், அது தீர்ந்ததும் இதனால்தான்.

அவர் மனைவி பஸ் கண்டக்டர். பதினேழாம் நம்பர் பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் நின்றுகொண்டே ஊரைச் சுற்றியவர். கம்பியைப் பிடிக்காமல் நிற்பார். பஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் தோளில் தொங்கும் பை ஆடும், ஆள் ஆடமாட்டார். டெப்போவைத் தாண்டியதும் ஒரு பெரிய மேடு வரும். அதில் பதினேழாம் நம்பர் மூச்சிரைக்க ஏறும்போது, பக்கத்துத் தடத்தில் கார்கள் எல்லாம் சர்சர்ரென்று தாண்டிப் போகும். சில கார்களில் பிள்ளைகள் பின்பக்கக் கண்ணாடி வழியாக நாக்கைத் துருத்துவார்கள்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஏங்க, எவன் எவனோ நம்மளைத் தாண்டிப் போறான். நானும் ஒரு நாள் கார்ல முன் சீட்ல உக்காந்து, அதே மேட்டுல, என் பஸ்ஸைத் தாண்டிப் போகணும். எங்க டிரைவருக்கு டாட்டா காட்டணும்."

ஏழு வருடத்துக்கு முன்பு சொன்னது. அடுத்த மாதமே கிராம் ஒரு காரை வீட்டுக்கு இழுத்துவந்துவிட்டார். நீளமான மூக்கு, எட்டு சிலிண்டர், உள்ளே ஒரு கோழிக் குடும்பம். கோழிகள் சீக்கிரமே காலி செய்தன. இன்ஜின்தான் அசையவில்லை. அதைப் பிரித்தார். எட்டு பிஸ்டன்களையும் தராசில் வைத்து, அரை கிராம் வித்தியாசம் இல்லாமல் தேய்த்தார். இதற்கே ஒன்றரை வருடம். பிறகு பார்த்தால், எட்டு பிஸ்டன்களும் சேர்ந்து சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டில் முடியளவு விரிசல்.

இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் ஒரு பெரிய லேத் பட்டறை. அதை நடத்துபவர் லேத் அக்கா. கிராங்க் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர்தான் யோசனை சொன்னார்: "பழைய அளவுலயே தேடாதீங்க. வீச்சு அதிகமான கிராங்க் ஒண்ணு செட்டா இருக்கு. ஸ்ட்ரோக்கர்னு சொல்லுவாங்க. பிஸ்டன் இன்னும் கொஞ்சம் தூரம் மேல கீழ போய்வரும். இழுவை பிச்சுக்கிட்டுப் போகும்."

கிராம் வீட்டுக்கு வந்து மனைவிக்கு விளக்கினார். "சைக்கிள்ல பெடல் கட்டை நீளமா இருந்தா மேட்டுல மிதிக்கிறது சுலபமில்ல? அது மாதிரி."

"மேடுன்னு சொன்னீங்க பாருங்க, அது போதும்," என்றார் மனைவி. "போடுங்க."

டெப்போவில் இந்தக் கார் ஒரு நிரந்தரச் சிரிப்பு. பதினேழாம் நம்பர் டிரைவருக்குக் கொடுவாள் மாதிரி ஒரு மீசை. தினமும் காலையில் அவர், "தள்ளுங்க தள்ளுங்க, கிராம் கார் வருது" என்று கையை விரித்து வழிவிடுவார். இந்த வருடம் கண்டக்டர் அம்மாவின் ஓய்வு நாள் நெருங்கியதும் சவாலே விட்டுவிட்டார்: "அந்தக் கார் மட்டும் கேட்டுக்கு வந்து நிக்கட்டும், நான் மீசையை எடுத்துடறேன்."

"எடுக்கத் தயாரா இருங்க," என்றார் கண்டக்டர் அம்மா. "வெள்ளிக்கிழமை நாலு மணி."

வீட்டில் வந்து சொன்னது வேறு. "நாலு மணிக்கு கேட்டுல கார் இல்லேன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். நாலு பத்து பஸ்ல டிக்கெட் வாங்கிட்டு வந்துடுவேன். ஆனா ஒண்ணு, அந்த டிக்கெட்டை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டுவேன். நேரா மாட்ட மாட்டேன். சாய்ச்சு மாட்டுவேன்."

கிராம் அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

திங்கட்கிழமை வந்தபோது இன்ஜின் காருக்குள் உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் ரேடியேட்டர் மட்டும் இன்னும் மாட்டவில்லை. பாக்கி ஒரே ஒரு பெரிய சாமான்: பேலன்சர். கிராங்கின் மூக்கில், அதாவது அதன் முன்முனையில், மாட்டும் கனத்த வட்டு அது. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க், பிழிந்த துணி மாதிரி ஒரு முறுக்கு முறுகி விடுபடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. அந்த உதறலை வாங்கிக்கொள்வது இந்த வட்டு. லேத் அக்கா கிராங்கோடு சேர்த்தே அதையும் கொடுத்து, "இதையேதான் போடணும், வேற எதையும் வாங்கிப் போட்டுடாதீங்க" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

கிராம் தலையாட்டியிருந்தார். ஆனால் கையில் கிடைத்த சாமானைச் சோதிக்காமல் மாட்ட அவர் என்ன வேறு யாராவதா?

குடத்தின் வழியாக ஒரு தண்டைச் செருகி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த இரண்டு கத்தி விளிம்புகளின் மேல் வட்டைத் தூக்கி வைத்தார். வட்டு தானாக உருண்டது. ஒரு பக்கம் கீழே போய் நின்றது. மறுபடி திருப்பி வைத்தார். மறுபடி அதே பக்கம் கீழே. பிறை மாதிரி ஒரு தடித்த பாகம் அந்தப் பக்கம்.

"மாப்ள!" என்று அலறினார்.

மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டது மனைவியின் தம்பியை. மச்சினனுக்கு ஐஸ் வண்டி ஓட்டும் வேலை. கடைகளுக்கு ஐஸ் போட்டுவிட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவான். மீதி நேரமெல்லாம் இந்தக் காருக்கு அடியில்தான்.

"என்ன மாமா, பாம்பா?"

"இதைப் பாரு. இருநூறு கிராமுக்கு மேல ஒரு பக்கமா இழுக்குது. பேரு மட்டும் பேலன்சர். எவனோ தூக்கக் கலக்கத்துல வார்த்திருக்கான்."

"லேத் அக்கா அப்படியே போடச் சொன்னாங்களே?"

"அவங்க கிராங்க்காரங்க. நான் தராசுக்காரன்."

செவ்வாய்க்கிழமை காலை முழுக்க அறுவை சிகிச்சை. தடித்த பக்கத்தில் ஏழு ஓட்டைகள் போட்டார். பதினாறு மில்லி துரப்பணம், ஆழம் இருபத்தொரு மில்லி. ஓட்டைக்கு ஓட்டை நிறுத்தி, வட்டைக் கத்தி விளிம்பில் வைத்துப் பார்த்தார். கடைசி ஓட்டை முடிந்ததும் வட்டு எந்தப் பக்கமும் போகாமல், வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. கிராம் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். ஏதோ ஊர் வழக்கைத் தீர்த்து வைத்த மாதிரி.

அதோடு விட்டாரா? விழுந்த இரும்புத் தூளை காந்தத்தாலும் பிரஷ்ஷாலும் கடைசித் துணுக்கு வரை கூட்டி எடுத்தார். தரையில் முட்டி போட்டுத் தேடினார். நிறுத்தார். ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே எழுதினார்: பேலன்சரிலிருந்து எடுத்தது, 212.6 கிராம். ஒரு எடைக்கல்லைத் தேய்த்தாலும் தேய்த்த தூளை நிறுத்துக் குறித்து வைப்பது அவர் தொழில் வழக்கம். எதற்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"மாமா, குப்பைக்கெல்லாம் பிறப்புச் சான்றிதழ் குடுக்கிற ஒரே ஆளு நீங்கதான்," என்றான் மச்சினன்.

அடுத்து மாட்டும் வேலை. பேலன்சரின் குடம் கிராங்க் மூக்கை விட மயிரிழை சின்னது. இறுக்கிப் பிடித்தால்தான் நிற்கும். சுத்தியலால் தட்டி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தட்டினால் ரப்பர் கிழியும், உள்ளே பேரிங்கில் அடி விழும். கிராம் வீட்டில் சுத்தியல் காருக்குப் பத்தடி தள்ளித்தான் இருக்கும். வட்டை எண்பது டிகிரி வெந்நீரில் ஊறப்போட்டார், குடம் கொஞ்சம் விரியட்டும் என்று. மச்சினன் ஐஸ் கட்டியை உடைத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி கிராங்க் மூக்கில் தொப்பி மாதிரி மாட்டினான், அது கொஞ்சம் சுருங்கட்டும் என்று.

அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து வந்த கண்டக்டர் அம்மா, தோளில் துண்டோடு குளியலறைக்குப் போனவர் திரும்பி வந்தார்.

"ஏங்க, குளிக்க வச்ச தண்ணியில என்னமோ கிடக்கே?"

"தொடாதே! எழுபத்தொன்பதுல இருக்கு. இன்னும் ஒரு டிகிரி."

"எனக்கு முன்னாடி அது குளிக்குதா? சரி, சோப்புப் போட்டாச்சா, நான் போடணுமா?"

எண்பது வந்தது. கையுறையோடு வட்டைத் தூக்கினார். மச்சினன் ஐஸ் தொப்பியை எடுத்து, மூக்கைத் துடைத்து, எண்ணெய் தடவினான். மூக்கின் பள்ளத்தில், வட்டு வழுக்காமல் பிடிக்கும் சாவித் துண்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கிராம் நகத்தால் தடவிப் பார்த்து, வட்டின் காடியை அதற்கு நேராகப் பிடித்துத் தள்ளினார். பாதி வழி வெண்ணெயாகப் போயிற்று. மீதிக்கு நீளமான மரைத்தண்டைக் கிராங்கில் திருகி, நட்டை ஸ்பானரால் கால் சுற்று, கால் சுற்றாகச் சுற்றி இழுத்தார். வட்டு அங்குலம் அங்குலமாக உள்ளே போய், 'ணங்' என்று ஒரு அடக்கமான சத்தத்தோடு உட்கார்ந்தது. மச்சினனை உள்ளே உட்கார வைத்து, கியரைப் போட்டு, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, நடு போல்ட்டை முறுக்கினார். முறுக்கு அளவு வந்ததும் ஸ்பானர் 'டிக்' என்றது. அந்த 'டிக்'கைக் கேட்க இன்னொரு தடவை முறுக்கலாமா என்று அவருக்கு ஆசையாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம், ரேடியேட்டர் மாட்டி, தண்ணீர் ஊற்றி, எல்லாம் தயார். கண்டக்டர் அம்மாவுக்கு அன்று காலை ஷிப்ட். வந்து படியில் நின்றார். மச்சினன் செல்போனைக் காரின் முன் ஓரத்தில் சாய்த்து வைத்துப் படம் எடுத்தான். கிராம் ஒரு டம்ளர் தண்ணீரை இன்ஜின் மேல் வைத்தார். "சொட்டு அலுங்காது பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

எட்டு சிலிண்டரும் ஒரே குரலில் எழுந்தன. ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் சத்தம்! மச்சினன் துள்ளிக் குதித்தான். அடுத்த நொடி காரும் குதித்தது.

டம்ளர் முதலில் நடந்தது, பிறகு ஓடியது, பிறகு பறந்தது. செல்போன் தானாகத் திரும்பி வானத்தைப் படம் பிடித்தது. ஸ்பானர் பெட்டி மேசையின் விளிம்புவரை நடந்து போய் எட்டிப் பார்த்து விழுந்தது. ஹாரன் யாரும் அமுக்காமலே அழுதது. நம்பர் பிளேட் கழன்று விழுந்து தரையில் தடதடவென்று கும்மாளம் போட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த கிராம், "நிஇஇறு-த்-த-றே-ன்" என்று துண்டு துண்டாகக் கத்தினார். சாவியைத் தேடிய கை சாவியைத் தவிர எல்லாவற்றையும் பிடித்தது.

கண்டக்டர் அம்மா இடுப்பிலிருந்து விசிலை எடுத்து ஒரே ஊது, நீளமாக. இருபத்தெட்டு வருடமாகப் பஸ்ஸை நிறுத்திய ஊது. கிராமின் கை தானாகச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தது.

அமைதி. நம்பர் பிளேட் கடைசியாக ஒரு தடவை சிலிர்த்துக்கொண்டு படுத்தது.

"மாமா," என்றான் மச்சினன், தலையில் சொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "சொட்டு அலுங்கலை. மொத்தமாத்தான் வந்துச்சு."

கிராம் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. மனைவி வந்து காரின் படியில் ஒரு பாதத்தை வைத்தார். "இன்னொரு தடவை போடுங்க. நான் சொன்னதும் நிறுத்திடணும்."

போட்டார். மனைவி கண்ணை மூடி உள்ளங்காலால் கேட்டார். நிறுத்தச் சொன்னார்.

"ஒரு சிலிண்டர் வேலை செய்யலேன்னா விட்டு விட்டு உதறும். எங்க பஸ்ல வாரத்துக்கு ஒரு தடவை வர்ற வியாதிதான் அது. இது விட்டு விட்டு வரலை. ஒரே சீரா, சுத்துக்கு ஒண்ணா வருது. சுத்தற சாமான்லதாங்க கோளாறு. லேத் அக்காவைக் கேளுங்க."

கிராம் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். பின்னால் லேத் ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா, உங்க கிராங்க்ல ஏதோ தப்பு இருக்கு."

"என் கிராங்க்லயா?" குரல் உயர்ந்தது. "பேலன்சர் எதைப் போட்டீங்க? வெளிய வாங்கினதா?"

"சேச்சே. நீங்க குடுத்ததேதான்."

"அப்படியேவா?"

"அப்படியே எப்படிங்க போடறது?" என்றார் கிராம், கொஞ்சம் பெருமையாகவே. "ஒரு பக்கம் பயங்கர கனம். யாரும் கவனிக்கலை போல. நான்தான் ஏழு ஓட்டை போட்டு ஜம்முனு நேர் பண்ணினேன்."

லேத் நிற்கும் சத்தம் கேட்டது. சுற்றிச் சுற்றி மெல்ல ஓய்ந்தது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் அண்ணே. உக்கார ஸ்டூல் தேடறேன்." ஒரு மூச்சு இழுத்தார். "அந்தக் கனம் வேணும்னுதான் வச்சிருக்கு. உங்க கிராங்க்குக்கு வீச்சு அதிகம். அதுக்கு எதிர் எடை வைக்க உள்ளே இடம் பத்தாது. அதனால மீதி எடையை வெளிய வச்சிருக்கோம், கொஞ்சம் முன்னாடி பேலன்சர்ல, கொஞ்சம் பின்னாடி மாட்டற பெரிய சக்கரத்துல, ஃப்ளைவீல்ல. தனியா வச்சுப் பார்த்தா அது கோணலாத்தான் இருக்கும். கிராங்க்கோட சேர்ந்தாதான் நேர். நல்லவேளை, ஃப்ளைவீலை நாங்களே மாட்டி அனுப்பிட்டோம். அதுவாவது உங்ககிட்டேருந்து தப்பிச்சுது."

கிராமுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "தராசுல ஒரு தட்டை மட்டும் கழட்டி வச்சு நேர் பண்ணியிருக்கேன்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

"எவ்வளவு நேரம் ஓடுச்சு?"

"முப்பத்தெட்டு செகண்ட்."

"அதையும் எண்ணினீங்களா! சரி, அவ்வளவுதான்னா உள்ள ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா புது பேலன்சர் வரப் பத்து நாள் ஆகும்."

படியில் நின்ற கண்டக்டர் அம்மா விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். கிராம் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அது ஒன்றுதான் அங்கே மட்டமாக இருந்தது.

"அண்ணே," என்றது போன், "எவ்வளவு எடுத்திருப்பீங்க? குத்துமதிப்பா சொல்லுங்க."

"இருநூத்துப் பன்னெண்டு புள்ளி ஆறு கிராம்."

"நான் குத்துமதிப்பாத்தான் கேட்டேன்."

"எனக்குக் குத்துமதிப்பா சொல்ல வராதுங்க. கவர்ல இருக்கு."

"எந்தக் கவர்ல?"

"எடுத்த தூளையெல்லாம் நிறுத்துக் கவர்ல போட்டு வச்சிருக்கேன்."

மறுமுனையில் முதலில் ஒரு விக்கல் மாதிரி கேட்டது. பிறகு லேத் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தச் சிரிப்பு ஸ்பீக்கர் வழியாக வந்து மச்சினனைத் தொற்றி, அவனிடமிருந்து அவன் அக்காளுக்குப் போய், கடைசியில் கண்டக்டர் அம்மா காரின் மூக்கில் குப்புறச் சாய்ந்துகொண்டு சிரித்தார். "கல்யாண போட்டோவுல என் தலை ரெண்டு டிகிரி சாஞ்சிருக்குன்னு மூணு தடவை எடுக்க வச்ச ஆளுங்க இது! இவர்கிட்டப் போயி கோணலா ஒரு சாமானைக் குடுத்திருக்கீங்களே அக்கா!"

"என் தப்புதான், என் தப்புதான்!" என்றது போன். "எவ்வளவு எடுத்தீங்கன்னு தெரியாம இருந்திருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. தெரியும்னா பண்ணலாம். வட்டையும் கவரையும் எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலையில வாங்க. அந்தத் தராசையும்."

வியாழக்கிழமை காலை பேலன்சர் ஐஸ் வண்டியில் ஊர்வலம் போனது. முந்தின நாளே மூன்று கால் இழுவைக் கருவியால் குடத்தைப் பிடித்து, வளையத்தில் கை படாமல் கழற்றி வைத்திருந்தார்கள். கிராம் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் மச்சினனைத் திட்டிக்கொண்டே போனார்.

பட்டறையில் லேத் அக்கா ஏழு ஓட்டைக்கும் உள்ளே மரை வெட்டினார். வெட்டியதும் கிராம் கையை நீட்டினார்.

"என்ன?"

"மரை வெட்டினதுலயும் தூள் வந்திருக்குமில்ல?"

அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தார். முப்பத்தொன்று புள்ளி ஐந்து கிராம். பழையதோடு கூட்டினால் இருநூற்று நாற்பத்து நாலு புள்ளி ஒன்று. ஏழால் வகுத்து, அந்த எடைக்கு ஏழு எஃகு மரைக்கட்டைகள் கடைந்தார். எஃகு வார்ப்பிரும்பை விடக் கனம். அதனால் ஒவ்வொன்றும் ஓட்டையை விட இரண்டு மில்லி குட்டை. தராசில் வைத்தார்கள். நாலாவது கட்டை ஒரு கிராமில் பத்தில் மூன்று பங்கு கூடுதல்.

"அது பரவாயில்ல," என்றார் அக்கா.

கிராம் அவரைப் பார்த்த பார்வையில், அக்கா பேசாமல் கட்டையை மறுபடி லேத்தில் பிடித்தார். பசை தடவி, முறுக்கி, வெளியே கழன்று வராதபடி ஓரத்தில் உளியால் ஒரு குத்து குத்தி அடக்கினார். அதன்பின் வட்டைக் கத்தி விளிம்பில் வைத்தார்கள். அது உருண்டு, தடித்த பக்கம் கீழே போய் நின்றது. அந்தக் கோணலைப் பார்த்து கிராம் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டார். ஒரு கண் மட்டும் லேசாகத் துடித்தது.

சாயங்காலம் மறுபடியும் குளியல் தண்ணீர், மறுபடியும் ஐஸ் தொப்பி, சாவி, கால் சுற்று கால் சுற்று, 'ணங்', 'டிக்'. இந்தத் தடவை கண்டக்டர் அம்மா தானே அடுப்பைப் பற்றவைத்து, "எண்பது வந்தாச்சு, உங்க ஆளைக் குளிப்பாட்டுங்க" என்றார். ஆனால் இன்ஜினைப் போட்டுப் பார்க்க மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை. பசை காயப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் என்று லேத் அக்கா சொல்லியிருந்தது நல்ல சாக்காகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை கண்டக்டர் அம்மா கடைசி ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "நாலு மணி" என்றார். கைப்பையிலிருந்து சில்லறையை எடுத்துக் காட்டினார். "டிக்கெட்டுக்கு. இருக்கட்டும்னு."

மத்தியானம் இரண்டு மணிக்கு, மச்சினன் செல்போனைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். கிராம் டம்ளரில் தண்ணீர் ஊற்றி இன்ஜின் மேல் வைத்தார். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. சாவியைத் திருப்பினார்.

எட்டு சிலிண்டரும் எழுந்தன. டம்ளரில் மெல்லிய வட்டம் ஒன்று விரிந்தது. அவ்வளவுதான். டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. நம்பர் பிளேட் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹாரன் வாயைத் திறக்கவில்லை. கிராம் இறங்கி வந்து, டம்ளரை எடுத்து, அந்தத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு மச்சினனைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார்.

"மாப்ள, அறுபத்தெட்டு இருந்தே, ரெண்டு கிலோ ஏறியிருக்கே!"

"இறக்குங்க மாமா, மானத்தை வாங்காதீங்க!"

மூன்று ஐம்பத்தெட்டுக்கு அந்த நீளமூக்குக் கார் டெப்போ கேட்டில் வந்து நின்றது. முதலில் காவலாளி பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் மெக்கானிக்குகள் குழியிலிருந்து ஏறி வந்தார்கள். கண்டக்டர்கள் பையோடு ஓடி வந்தார்கள். கண்டக்டர் அம்மா பணப்பையையும் டிக்கெட் மெஷினையும் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார். விசிலை மட்டும் ஒப்படைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கூட்டத்தில் கடைசியாக நின்ற பதினேழாம் நம்பர் டிரைவர் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். கை தானாக மீசைக்குப் போயிற்று.

"தள்ளிக்கிட்டு வந்தீங்களா?" என்றார்.

கிராம் ஆக்ஸிலேட்டரை லேசாக ஒரு மிதி மிதித்தார். டெப்போ தகரக் கூரை பதில் சொன்னது.

மச்சினன் பின் சீட்டுக்குப் போனான். கண்டக்டர் அம்மா முன் கதவைத் திறந்து, முதல் முதலாக, உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேலே கம்பியைத் தேடியது கை. பிறகு மடியில் வந்து அடங்கியது.

"கிளம்பலாமா?" என்றார் கிராம்.

"இருங்க. நாலு பத்து போகட்டும்."

நாலு பத்துக்குப் பதினேழாம் நம்பர் மீசையோடும் புதுக் கண்டக்டரோடும் வெளியே வந்தது. அது மேட்டில் பாதி ஏறும்வரை விட்டார். பிறகு கணவரின் பக்கம் திரும்பினார்.

"புது இன்ஜின்மா," என்றார் கிராம் பதறி. "முதல் ஐநூறு கிலோமீட்டர் மெதுவாத்தான் ஓட்டணும். பிஸ்டன் வளையமெல்லாம் இன்னும் பழகல..."

"ஏங்க."

அந்த 'ஏங்க'வை அவர் முப்பது வருடமாக அறிவார். மிதித்தார். நீளப் பெடல் போட்ட சைக்கிள் மாதிரி அந்தக் கார் மேட்டை மேடென்றே மதிக்கவில்லை. முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. மச்சினன் பின்னால், "மாமாஆஆ!" என்றான். பஸ்ஸின் பின்பக்கம் வந்தது, ஜன்னல்கள் வந்தன, அவற்றுக்குள்ளே, இருபத்தெட்டு வருடம் அவர் நின்ற இடம் வந்தது. முன்கண்ணாடி வந்தது. கண்டக்டர் அம்மா தலையை வெளியே நீட்டி, விசிலை வாயில் வைத்து, இரண்டு சின்ன ஊது ஊதினார். போகலாம் என்று அர்த்தம். பிறகு கையைத் தூக்கி டாட்டா காட்டினார். டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் மீசையை மூடிக்கொண்டார்.

மேட்டின் உச்சியில் காரை ஓரம் கட்டினார்கள். மூன்று பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிராம் இறங்கி, மூக்கைத் திறந்து பேலன்சரை எட்டிப் பார்த்தார். எண்ணெய்க் கசிவு இல்லை. ஏழு கட்டையும் இருந்த இடத்தில் இருந்தன.

"ஆசை தீர்ந்துச்சா?" என்று கேட்டார்.

கண்டக்டர் அம்மா சில்லறையைக் கைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டே யோசித்தார்.

"பஸ் அடுத்த ஸ்டாப்ல ரெண்டு நிமிஷம் நிக்கும். அப்புறம் இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஏத்தம் இருக்கு."

அன்று பதினேழாம் நம்பரை மூன்று தடவை தாண்டினார்கள். இரண்டாவது தடவை பயணிகள் எல்லாம் எழுந்து ஜன்னல் பக்கம் வந்து கைதட்டினார்கள். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிராம் அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். மூன்றாவது தடவை டிரைவர் மூக்குக்குக் கீழே ஒரு கைக்குட்டையைக் கட்டியிருந்தார்.